குடிலுக்கு இடம் பார்த்தவள்

செப்டம்பர் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சோபா ஜன்னலுக்குக் கீழே இருந்தது. நான்காம் தேதி வாசற்கதவுக்கு எதிரே வந்தது. ஒன்பதாம் தேதி சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பதினான்காம் தேதி வேலை முடிந்து வந்த நான், விளக்கைப் போடாமலேயே, அது அங்கேதான் இருக்கும் என்று நம்பி உட்காரப் போய்த் தரையில் விழுந்தேன். இதையெல்லாம் நினைவிலிருந்து சொல்லவில்லை. அந்த ஆண்டின் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சத்தம் கேட்டு, என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த தோழி தன் அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"விழுந்துட்டியா? சாரிடி. சோபா அங்க உக்காரல, அதான் நகத்திட்டேன்."

"நானும்தான் உக்காரல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, நான் எழுந்திருப்பதற்குள், மேசை விசிறியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோனாள்.

கெலுகோரில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் உள்ள ஓர் அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப்போட ஒரு சின்னப் பால்கனி. எங்கள் இருவருக்கும் பெற்றோர் இல்லாத முதல் வீடு அதுதான். நான் ஒரு நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருந்தேன். அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே பொடிப் பொடி மின்னணுச் சில்லுகளை வைத்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தாள். எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் சேர்த்து வீட்டில் வஞ்சம் தீர்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அவ்வளவு எளிதான காரியமில்லை என்பது பிறகு தெரிந்தது.

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்கு, தே தாரிக் எனும் ஆற்றிய தேநீர் குடிக்கப் போனால் மூன்று மேசை மாறுவோம். முதல் மேசையில் விசிறி நேராக முகத்தில் அடிக்கும். இரண்டாவதில் அடிக்காது. மூன்றாவதில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்ததும், முதல் மேசையை ஏக்கத்தோடு பார்ப்பாள். கடைப்பையன்கள் எங்களைக் கண்டதும் தண்ணீர்க் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பேருந்தில் ஒருநாள், வீட்டிலிருந்து லிட்டில் இந்தியா போவதற்குள், நான்கு இருக்கை மாறினாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு மலாயில் ஏதோ கேட்டார். இருக்கையில் எறும்பா என்பதுபோல. "இல்ல பாங், எறும்பு இருந்தா பரவாயில்ல," என்று, அண்ணனுக்கு மட்டும் மலாய்ச் சொல் போட்டு, தமிழிலேயே பதில் சொன்னாள்.

எதற்கும் அவளிடம் ஒரே காரணம்தான். "இது இங்க உக்காரலடி." சாமான்கள் எல்லாம் ஏதோ அசௌகரியத்தில் இருப்பதாகவும், அது தனக்கு மட்டும் கேட்பதாகவும் சொல்லும் குரல் அது.

ஒரே ஒரு முறைதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அக்டோபர் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. என் நாட்குறிப்புகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தேன். நான் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவற்றை அட்டை நிறத்தின்படி மாற்றி வைத்திருந்தாள். சிவப்பெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம்.

"பாக்க அழகா இருக்குல்ல?"

"நான் ஸ்கூல் முடிச்ச வருஷம் இப்ப எங்க இருக்கு?"

"நீலத்துல பாரு லா."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினாள். ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. எது எங்கே இருந்தது என்பதை அவள் மறப்பதே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். இடம் மாற்றுகிறவர்கள் இடத்தை மறந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் மறக்க முடியாமல் மாற்றுகிறவள்.

இப்போது ஜோகூரில் இருக்கிறாள். இடையில் கூலிமில் ஒரு வருடம். சில மாதங்களுக்கு ஒருமுறை எந்த விளக்கமும் இல்லாமல் ஒரு படம் அனுப்புவாள்: புதிய கூடம், அல்லது பழைய கூடத்தில் புதிய இடத்தில் அலமாரி. நான் தேதி போட்டுச் சேமித்து வைக்கிறேன்.

ஆனால் சொல்ல வந்தது அந்த முதல் டிசம்பரைப் பற்றி.

அவள் வீடு சிம்பாங் அம்பாட்டில். நாங்கள் இருந்த தீவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணி நேரம். அவ்வளவு பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு கல்யாணமாகாத பெண் தனியாக வாடகைக்குப் போவதை அவளுடைய அப்பா ஏற்கவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர். அழுது, சண்டை போட்டு, கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அதை அவர் எனக்கும் கேட்கும்படி கைப்பேசியில் திருப்பிச் சொன்னார்.

"கிறிஸ்மஸுக்கு முன்ன ஒரு ஞாயித்துக்கெழம வருவேன். வீடு மாதிரி இருந்துச்சின்னா இரு. இல்லன்னா அன்னிக்கே சாமானக் கட்டி வேன்ல ஏத்து. அப்புறம் பேச்சு கிடையாது."

"சரிப்பா."

"கடைச்சோறுதானே திங்கிறீங்க?"

"இல்லப்பா, ஆக்குறோம்."

ஆக்கவில்லை. அதை அவர் குரலிலிருந்தே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

இருபத்து மூன்று வயதுப் பெண், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்துவிடுவார் என்று கேட்டேன். "வாக்குக் குடுத்துட்டேன்டி," என்றாள். அவள் போனால் என்னால் அந்த வீட்டைத் தனியாக வைத்திருக்க முடியாது. எனவே அவர் வரும் நாள் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பயந்தால் ஓரிடத்தில் உட்கார்ந்து பயப்படுகிறவள்.

அவள் வீட்டுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருந்தேன். நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிறு. அவள் அம்மாவின் நினைவு நாளுக்கு வீட்டில் செபம் வைத்திருந்தார்கள். அம்மா இறந்து அன்றோடு ஏழு வருடம். உள்ளே நுழைந்ததும் கூடத்தின் நடுவில் ஒரு குளிர்பெட்டி நின்றது. சுவரோரமாக இல்லை, நட்ட நடுவில். செபத்துக்கு வந்தவர்கள் பழக்கப்பட்டவர்களாக அதைச் சுற்றிப் போய் உட்கார்ந்தார்கள். பாட்டு தொடங்கியபோது அது உறுமிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து கேட்டேன்.

"அடுப்படிக்கு டைல்ஸ் போடறதுக்காக வெளிய எடுத்து வெச்சது. அந்த வாரம்தான் அம்மா போயிட்டாங்க."

"ஏழு வருஷமாவா?"

"அப்பா எதையும் நகத்த விட மாட்டாரு. ஒரு சாமான் காணாமப் போச்சு. அது கெடைக்கிற வரைக்கும் எது எங்க இருக்கோ அங்கயே இருக்கணுமாம். கலைச்சா அப்புறம் கெடைக்காதாம்."

"என்ன சாமான்?"

"சின்னதுதான்," என்றாள். பிறகு பேருந்து வருகிறதா என்று பார்க்கச் சாலைக்கே போய்விட்டாள். அது பேருந்து வரும் சாலையே இல்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி ஞாயிறு, கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிய அன்று, அலங்காரத்தை ஆரம்பித்தாள். அப்பா இருபத்திரண்டாம் தேதி, நான்காவது ஞாயிறு, வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று வாரம். வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பதைக் கிறிஸ்மஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டாள்.

லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகளுக்கு நடுவில், விளக்குச் சரம் விற்கும் ஒரு கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன். முதல் வாரம் வெள்ளைச் சரம் வாங்கினாள். இரண்டு நாளில் போய் மஞ்சளாக மாற்றினாள். அதற்கடுத்த சனிக்கிழமை, மஞ்சளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் நின்றாள்.

"தங்கச்சி, இப்ப என்ன?"

"மஞ்ச ரொம்ப சோகமா இருக்கண்ணே. பல கலரு குடுங்க."

"மின்னுறதா, மின்னாததா?"

"மின்னுறது. இல்ல, மின்னாதது. ரெண்டும் செய்யிற மாதிரி இல்லையா?"

"இருக்கு. பன்னெண்டு வெள்ளி. அடுத்த வாரம் வரும்போது வீட்டையும் தூக்கிட்டு வந்துரும்மா, அதையும் மாத்திக் குடுத்துர்றேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வீடு பெரிசுண்ணே, கடையில வைக்க இடம் பத்தாது," என்றாள்.

நட்சத்திர விளக்கைப் பால்கனியில் கட்டினாள், பிறகு வாசல் கம்பிக்கதவில், பிறகு மறுபடியும் பால்கனியில். ஏசு பிறப்புக் குடில்தான் அதிகம் அலைந்தது. தேவாலயக் கடையில் வாங்கிய சின்னச் சுரூபங்கள்: மரியாள், சூசையப்பர், மூன்று இடையர், ஆறு ஆடு, ஒரு மாடு. தொழிற்சாலை அட்டைப்பெட்டியை வெட்டி மாட்டுக்கொட்டகை செய்தாள். பல்கலைக்கழக மதிலோரம் வளர்ந்திருந்த லாலாங் புல்லைப் பறித்து, பால்கனியில் காயப்போட்டு வைக்கோலாக்கினாள். சிமெண்டுத் தாளைக் கசக்கி மலை. கைவேலை நன்றாக இருந்தது. அது எங்கே இருப்பது என்பதுதான் பிரச்சினை.

முதலில் தொலைக்காட்சி மேசை. மூன்றாம் தேதி ஜன்னலடி. அன்றைய மழையில் மலை கரைந்தது. ஆறாம் தேதி குளிர்பெட்டியின் மேல். "ஏசுவப் பாக்க ஏணி வேணும்," என்று நான் சொன்னதால் இறங்கியது. எட்டாம் தேதி வாசலில், செருப்புத் தட்டின் மேல். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவின் பூனை உள்ளே வந்து வைக்கோலில் படுத்துத் தூங்கியது. சூசையப்பர் அதன் வயிற்றுக்கடியில் கிடந்தார். அந்த அம்மா பூனையைத் தூக்கிக்கொண்டே, "அதுக்கு இடம் பிடிச்சிருக்கு, பாவம், விட்டுடு," என்று மலாயில் சொன்னார். பத்தாம் தேதி என் புத்தக அலமாரி. பதிமூன்றாம் தேதி, சோபா இருந்த இடத்தில் குடிலோடு அலமாரி, அலமாரி இருந்த இடத்தில் சோபா. கீழ்வீட்டுச் சீனத் தாத்தா மேலே ஏறி வந்து, கையைக் கூப்பி, இரவில் மட்டும் இழுக்காதே என்று கேட்டுக்கொண்டு போனார்.

"அப்பா உள்ள வந்ததும் கண்ணுல படணும். ஆனா அதுக்காகவே வெச்ச மாதிரி இருக்கக் கூடாது," என்று அவள் விளக்கினாள். "ரொம்ப நாளா இங்கயே இருக்கிற மாதிரி இருக்கணும்."

"இருக்க விட்டாதானே இருக்கிற மாதிரி இருக்கும்."

"நீ பேசாத."

அந்த வாரங்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நின்றுகொண்டு ரொட்டியைக் கடிப்பாள். ஒருநாள் அவள் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சு எட்டிப் பார்த்தது. நான் பார்ப்பதைக் கண்டு உள்ளே தள்ளினாள். வேறொரு நாள் அதே முடிச்சைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நகையோ என்னவோ என்று நான் கேட்கவில்லை. வீடு முழுக்க நகர்த்துகிறவள், அதையும் நகர்த்துகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி. குடில் கடைசியாகத் தொலைக்காட்சி மேசைக்கே திரும்பியிருந்தது. காலை எட்டரைத் தமிழ்ப் பூசைக்கு அவள் கிளம்பினாள். அப்பா நேராகத் தேவாலயத்துக்கு வந்துவிடுவார், பூசை முடிந்து இருவரும் வேனில் வருவார்கள் என்பது ஏற்பாடு.

"நீ ஒண்ணும் ஆக்காத. வர்ற வழியில நாசி கண்டார் தாப்பாவ் பண்ணிட்டு வந்துர்றோம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு முறை திரும்பி வந்து விளக்குச் சரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் போனபின் கூடத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். கடைச்சோறா என்று கேட்ட மனிதர் முன்னால் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதா? ஒரு சோறு, ஒரு ரசம், நெத்திலி சம்பல் போதும். வீட்டில் அடுப்பு எரிந்த வாசனை இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்று தோன்றியது.

அரிசி டின்னுக்குள் குவளையை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. அந்தக் கைக்குட்டை முடிச்சு. பிரித்தேன். ஒரு குழந்தை ஏசு. சுண்ணாம்பில் செய்தது, பழையது. ஒரு கால் விரல் உடைந்திருந்தது. கன்னத்துச் சிவப்பு மங்கிப்போயிருந்தது.

குடிலைப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். நடுவில் இருந்த தீவனத்தொட்டி மட்டும் காலி. மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. இடம் மாற்றி இடம் மாற்றி, முக்கியமான ஆளையே அரிசியில் போட்டு மறந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்பா வந்து காலித் தொட்டியைப் பார்த்திருந்தால்! குழந்தையை நன்றாகத் துடைத்துத் தொட்டியில் வைத்தேன். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரர்கள் அளவு பார்த்துச் செய்வதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, வைக்கோலை இழுத்து மூடினேன்.

எத்தனையோ புத்தகங்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறேன். பிறப்புக்கு முன் பாலன் சுரூபத்தைக் குடிலில் வைக்கமாட்டார்கள், இருபத்துநான்காம் தேதி இரவுப் பூசை முடியும்வரை அந்தத் தொட்டி காலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சாமி படங்கள் வருடம் முழுவதும் அந்தந்த இடத்தில் இருப்பவை.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது.

"வாங்க அங்கிள்."

"என்னம்மா, பசியாறியாச்சா?" என்றார். கையில் நங்கா எனும் பலாப் பழத்தின் பாதி, பிளாஸ்டிக் பையில். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் வீட்டைச் சுற்றினார். பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். எரிவாயுக் குழாயை முகர்ந்தார். கதவுப் பூட்டை இரண்டு முறை திருகினார். அவள் பின்னாலேயே நடந்தாள். அவர் தொட்டதையெல்லாம் தானும் தொட்டாள்.

"சோறு வாசம் வருது," என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் நன்றி இல்லை. என்ன அது என்று எனக்குப் புரியவில்லை. பொட்டலங்கள் அவள் கையிலேயே இருந்தன.

"பரவால்ல," என்றார் அவர். அது எங்களுக்காகச் சொன்னதா, பூட்டுக்காகச் சொன்னதா தெரியாது. பிறகு தொலைக்காட்சி மேசைக்குப் போனார். மின்னும் விளக்குகளைப் பார்த்தார். குனிந்தார். ஒரு விரலால் வைக்கோலை விலக்கினார்.

நிமிரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத யாரு வெச்சது?"

அவள் எட்டிப் பார்த்தாள். பொட்டலங்களை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவள் நிறமே மாறிவிட்டது. நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

"அங்கிள், அது நான் –"

"நான்தான்பா வெச்சேன்," என்றாள்.

"இது நம்ம வீட்டுது."

"ஆமாம்பா."

"உங்கம்மா வாங்கினது. வெரலு ஒடஞ்சிருக்கு, நீ சின்னதுல கீழ போட்டது."

"ஆமா."

"எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான்."

"எப்பலேருந்து?"

"அம்மாவ எடுத்துட்டுப் போனாங்கல்ல. அன்னிக்குச் சாயந்தரத்துலேருந்து."

அவர் குழந்தையைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தேன்.

"ஏழு வருஷம்," என்றார். "ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அலமாரிக்கு அடியில எல்லாம் படுத்துத் தேடினேன். உங்கம்மா எங்கயோ பத்திரமா வெச்சிருக்கா, எதையும் கலைக்கக் கூடாதுன்னு."

"தெரியும்பா. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டு சும்மா இருந்தியா?"

"மொத வருஷம் சொல்ல வந்தேன். நீங்க அழுதீங்க. அப்புறம் சொல்ல முடியல." அவள் நின்ற இடத்திலேயே ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றாள். "ராத்திரி அத எடுத்துக் கையில வெச்சுக்குவேன். ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல ஒளிப்பேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன. யாரும் அதை அணைக்கவில்லை.

"இன்னிக்கு எதுக்கு வெச்சே?"

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். "நீங்க பாக்கணும்னுதான்," என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னை. என் கையிலிருந்த கரண்டியை. கடைசியாகத் தரையில் இருந்த நாசி கண்டார் பொட்டலங்களை.

"சோறு ஆறுது," என்றார்.

சாப்பிட்டோம். அவர் ரசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். குழந்தை தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. போகும்போது அதைத் தம் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"இருவத்தி நாலு சாயந்தரம் வீட்டுக்கு வா. நீயே வை."

"சரிப்பா."

"இருவத்தாறு நானே கொண்டாந்து இங்க விடுறேன்."

மின்தூக்கி மூடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்தேன். உதறினாள்.

"ஒன்ன யாருடி அரிசி டின்னத் தொறக்கச் சொன்னது?"

"எனக்கு எப்படித் தெரியும்? தொட்டி காலியா இருந்துச்சு –"

"காலியாத்தான்டி இருக்கணும்! பொறக்குறதுக்கு முன்ன யாராவது வெப்பாங்களா?" அப்போதுதான் அந்த வழக்கத்தை எனக்குச் சொன்னாள், கத்திக்கொண்டே. கடையில் வாங்கிய குட்டிப் பாலன் அவள் மேசை இழுப்பறையில் இருபத்தைந்துக்காகக் காத்திருந்தது.

"அப்ப ஏன் நீ வெச்சதா சொன்ன? நான் உண்மையச் சொல்லியிருப்பேனே."

"நீ வெச்சேன்னா, நான் எப்பவுமே குடுத்திருக்க மாட்டேன்னு ஆயிடும்ல."

"குடுத்திருப்பியா?"

அவள் நட்சத்திர விளக்கின் முடிச்சை அவிழ்த்தாள். கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

"தெரியல," என்றாள். பிறகு, "அம்மாவோடதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லடி. மத்ததெல்லாம் அந்த வீட்ல, அதது எடத்துல இருக்கு."

இருபத்துநான்காம் தேதி மதியம்வரை என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் குடில் மேலும் மூன்று இடம் மாறியது. நான் ஒரு கை கொடுக்கப் போனபோது மறுத்துவிட்டாள். போகும்போது ஒரு சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "திரும்பி வந்துருவேல்ல?" என்று கேட்டேன். "அவருதான் சொல்லிட்டாரே," என்றாள். ஆனால் அவளுக்கும் அது நிச்சயமில்லை என்பது, பையின் பட்டையை அவள் இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றிக்கொண்டே இருந்ததில் தெரிந்தது.

கிறிஸ்மஸ் அன்று அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். எதையும் தொடவில்லை.

இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குக் கீழே வந்து நிற்கிறோம் என்று செய்தி அனுப்பியிருந்தாள். இறங்கிப் போனேன். வேனிலிருந்து கேக், முறுக்கு டின், கறி வைத்த தூக்கு என்று ஒவ்வொன்றாக இறங்கின. அவள் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் என்னைப் பார்த்து முறுக்கு டின்னை நீட்டினாள்.

"வெச்சியா?"

"வெச்சேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்குப் பாக்க முடியல." பைகளைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள். "எடுத்தப்ப திருடுன மாதிரி தோணலடி. திரும்ப வெக்கிறப்பதான் தோணுச்சு."

நான் மீதிச் சாமானை எடுக்கக் குனிந்தேன். அவர் வேன் கதவைச் சாத்திவிட்டு, அவள் காது கேட்காத தூரம் போகும்வரை பொறுத்திருந்தார்.

"அத வெச்சது நீதானேம்மா?"

எடுத்த தூக்கை மறுபடி கீழே வைத்தேன். "எப்படித் தெரியும் அங்கிள்?"

"எங்க வீட்ல வளந்த புள்ள எதுவும் இருவத்திரண்டாம் தேதி பாலன வெக்காது."

"அப்ப ஏன் அன்னிக்கு ஒண்ணும் கேக்கல?"

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சாவியைப் போட்டு, சன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டார். பாலத்தில் நெரிசல் தொடங்குவதற்கு முன் போக வேண்டும் என்றார். வேன் நகரத் தொடங்கிய பிறகுதான் சொன்னார்:

"அதான் அவ தான்தான்னு சொல்லிட்டாளேம்மா."